‘ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வியை யார் யாரிடம் கேட்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: கடவுள், தடுப்பூசி, அணுமின்சாரம், செயற்கை நுண்ணறிவு என்று எந்தப் பேச்சு எழுந்தாலும் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்கிற ஐயவாதி, அந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்பது நியாயமா? மெய்ப்பிக்கும் பொறுப்பு எப்போதும் ஒன்றைச் சொல்பவருடையதுதானா? புதிய தொழில்நுட்பங்களில் அந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது?

எது உண்மை என்று தீர்மானிக்கிற அளவில் அளவுகோல் ஒன்றுதான் என்பது என் கருத்து. மதம் என்பதற்காகச் சலுகையும் கிடையாது, அறிவியல் என்ற பெயருக்காகத் தனி மரியாதையும் கிடையாது. ஆனால் உண்மை முழுதாகத் தெரியாத நிலையில் என்ன செய்வது என்று தீர்மானிப்பது வேறொரு கேள்வி. அங்கே மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை, கணிப்பு தவறினால் அதன் விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றெனக் கருதிவிடுவதால்தான், மதத்தைப் பற்றிய வாதத்தில் கூர்மையாகப் பேசும் ஒருவர் அரசின் கொள்கை பற்றிய வாதத்துக்கு வந்ததும், தன்னை அறியாமலே, ஏதோ ஒரு தொழில் நிறுவனத்தின் வழக்கறிஞர் பேசுவதைப் போலப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

மதம், அறிவியல், தொழில்நுட்பம், அரசின் கொள்கை ஆகிய எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிற ஒரு மனிதரின் ஆய்வு இருப்பதால், அதையே பிடித்துக்கொண்டு போகலாம். கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் புவிவேதியியலாளர், விண்கற்களில் இருக்கும் ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் அணு வகைகளை, அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட்டார். அதில் 7 கோடி கூடலாம் அல்லது குறையலாம் என்பது அவரே கொடுத்த பிழை வரம்பு. அந்த அளவீட்டைச் செய்து முடிப்பதற்குள் அவரைப் பாடாய்ப்படுத்தியது மாதிரிகளில் இருந்த ஈயம் அல்ல, வெளியிலிருந்து வந்து கலந்த ஈயம். காற்றிலும் தூசியிலும் கண்ணாடிக் கலங்களிலும் ஆய்வு செய்பவரின் உடையிலும்கூட ஈயம் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடிய பயணம் அவரைப் பெட்ரோல் நிறுவனங்களோடு மோத வைத்தது. அந்த மோதலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பூமியின் வயதையும் மதத்தையும் பார்த்துவிடலாம்.

அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர், உலகம் கி.மு. 4004 அக்டோபர் 23ஆம் நாள் படைக்கப்பட்டது என்று 1650இல் கணக்கிட்டார். இந்தத் தேதியைச் சொல்லிச் சிரிப்பது ஐயவாதிகளின் பழைய பொழுதுபோக்கு. அந்தச் சிரிப்பு அவருக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். விவிலியத்தின் வம்சாவளிகளை பாபிலோனிய, கிரேக்க, ரோமானிய அரசர்களின் ஆட்சிக் காலங்களோடு ஒப்பிட்டு, தன் காலத்தில் கிடைத்த சிறந்த எழுத்துச் சான்றுகளைக் கொண்டு அவர் அந்த ஆண்டுக்கு வந்து சேர்ந்தார். பாறைக்குள் கதிரியக்கச் சிதைவு என்ற ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. முக்கியமானது என்னவென்றால், அவருடைய கூற்று சோதித்துப் பார்க்கக்கூடியது, சோதிக்கப்பட்டது, தவறென்று முடிந்தது. மதநூலிலிருந்து வந்தது என்பது அதற்கு எதிரான வாதமும் இல்லை, ஆதரவான வாதமும் இல்லை.

1857இல் இங்கிலாந்தின் இயற்கையியலாளர் ஃபிலிப் காஸ் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார். பாறை அடுக்குகளும் அவற்றுக்குள் புதைபடிவங்களும் மரங்களில் வளையங்களும் ஏற்கெனவே இருக்கும்படியாகவே, அதாவது பழையது போலத் தோன்றும்படியாகவே, உலகம் படைக்கப்பட்டது என்றார். இதை மறுக்கும் அளவீடு எதுவும் இருக்க முடியாது. பேட்டர்சனின் 455 கோடியும் அந்தத் தோற்றத்தின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஐயவாதி இங்கே நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியது, இதைத் தன்னால் மறுக்க முடியாது என்பதைத்தான். அதோடு சேர்த்து அவர் சொல்ல வேண்டியது, உலகம் நேற்று மாலை நம் நினைவுகளோடு சேர்த்தே படைக்கப்பட்டது என்ற கூற்றையும் இதே தர்க்கம் தாங்கும் என்பது. எதையும் தாங்கக்கூடிய தர்க்கம் எதற்கும் சான்றாகாது. காஸின் வாதத்தைப் பலமாக எதிர்த்தவர்களில் மதப்பற்று உள்ளவர்களும் இருந்தார்கள். பாறைகளில் பொய்யை எழுதிவைக்கும் கடவுளை அவர்களால் ஏற்க முடியவில்லை.

இந்த இரண்டு உதாரணங்களுக்கும் நடுவில்தான் மதம் பற்றிய பெரும்பாலான வாதங்கள் நடக்கின்றன. பிரார்த்தனை நோயைக் குணப்படுத்துமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1872இல் இங்கிலாந்தின் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன், நாள்தோறும் தேவாலயங்களில் யாருடைய நீண்ட ஆயுளுக்காக மக்கள் பிரார்த்தித்தார்களோ அந்த அரச குடும்பத்தினரின் சராசரி ஆயுள், வசதி படைத்த பிற வகுப்பினருடையதைவிடக் குறைவு என்று காட்டினார். அது அவதானிப்புதான், கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அல்ல. அத்தகைய சோதனை 2006இல் வெளியானது. ஹெர்பர்ட் பென்சன் தலைமையிலான குழு, ஆறு மருத்துவமனைகளில் இதய ரத்தக்குழாய் மாற்றுவழி அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவுகளில், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் ஏற்பட்டன. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்திருந்த மூன்றாவது பிரிவில் அது 59 சதவீதம். மதத்துறை சார்ந்த ஆய்வுகளுக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளை ஒன்றே பெரும்பகுதிச் செலவை ஏற்றிருந்தது என்பதால், முடிவை எதிர்ப்பாளர்களின் சதி என்று ஒதுக்கவும் வழியில்லை.

இதை வைத்துக் கடவுள் இல்லை என்று முழங்கும் ஐயவாதியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்கள் குறிப்பிட்ட வாசகங்களைச் சொல்லிப் பிரார்த்தித்தபோது, குறிப்பிட்ட வகைச் சிக்கல்கள் குறையவில்லை; அவ்வளவுதான். உறவினர்கள் வீட்டிலிருந்து செய்த பிரார்த்தனைகளை யாரும் தடுக்கவும் இல்லை, தடுத்திருக்கவும் முடியாது. 59 என்ற எண்ணை வைத்துப் பிரார்த்தனை தீங்கு செய்யும் என்பவரும் அவசரப்படுகிறார். அது தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

மறுபுறத்தில், ‘கடவுளைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது’ என்று பதில் சொல்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. 1,802 பேரில் காணாமல் போன விளைவு கணக்கில் சேராது என்றால், தன் உறவினர் ஒருவர் பிரார்த்தனையால் பிழைத்தார் என்பதும் கணக்கில் சேரக் கூடாது. தோற்றால் ஆட்டம் செல்லாது, வென்றால் மட்டும் செல்லும் என்ற விதியை எந்தத் துறையிலும் ஏற்க முடியாது. ஸ்காட்லாந்தின் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748இல் அற்புதங்களைப் பற்றி எழுதியதன் சாரமும் ஏறத்தாழ இதற்கு அருகில் வருவதுதான்: ஒரு சாட்சியம் பொய்யாக இருப்பது, அது சொல்லும் அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டுமே அந்தச் சாட்சியம் அற்புதத்தை நிறுவும் என்றார் அவர்.

மதத்தில் இன்னொரு பெரும் பகுதி இருக்கிறது. அங்கே ஆதாரம் எங்கே என்ற கேள்வியே பொருந்தாது. இறந்தவருக்காகக் கண்ணீரோடு வேண்டுபவர் கருதுகோள் எதையும் முன்வைக்கவில்லை. பிறரை மன்னிக்க வேண்டும் என்று நம்புபவர் உலகத்தைப் பற்றிய தகவல் எதையும் சொல்லவில்லை. அவரிடம் ஆய்வுக் கட்டுரை கேட்பது அறிவுக்கூர்மையைக் காட்டுவதில்லை. காது சரியாகக் கேட்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. அவர் அந்த நம்பிக்கையிலிருந்து பிறர் வாழ்வைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கேட்டால், அப்போது நிலைமை மாறுகிறது. அது கொள்கை பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

அறிவியலுக்கு வருவோம். தான் மிகவும் பலமாக நிற்பதாக ஐயவாதி நினைக்கும் இடம் இது. ஆனால் அறிவு வரும் வழிகளைக் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (பிறர் சொல்லக் கேட்பது) என்று பிரித்த பழைய தர்க்க நூலாரின் கணக்கில், நம்மில் பெரும்பாலோருடைய அறிவியல் அறிவு வெறும் உரைதான். விண்கல் எதையும் நான் கரைத்துப் பார்த்ததில்லை. பேட்டர்சனின் எண்ணை நான் ஏற்பது, பிறர் சொல்லக் கேட்டு. அப்படியானால் அது வேதநூலை ஏற்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று மதவாதி கேட்பது நியாயமான கேள்வி. ‘அறிவியல் நம்பிக்கை அல்ல’ என்ற வாசகத்தைத் திரும்பச் சொல்வது அதற்குப் பதிலாகாது. நம்புகிற செயலில் வேறுபாடு இல்லை. யாரை நம்புகிறோமோ அவரைத் தவறென்று காட்டினால் புகழ் கிடைக்கும் நிலையில், கருவியும் திறமையும் ஊக்கமும் உள்ள மற்றவர்கள் இருக்கிறார்களா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வேறு ஆய்வகங்கள், ஈயத்தை விட்டு வேறு தனிமங்களின் ஐசோடோப்புகள், நிலவிலிருந்து கொண்டுவந்த பாறைகள் என்று பின்னர் வந்த எல்லா வழிகளும் அதே வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று சொல்லப்படும் எண் 454 கோடி, 5 கோடி முன்பின்னாக.

இந்த ஏற்பாடு எப்போதும் விரைவாகச் சரிசெய்துகொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். 1862இல் கெல்வின் பிரபு, உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்து வந்த வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் இருக்கும் என்றார். 1897இல் அதை 2 கோடி முதல் 4 கோடி வரை என்று சுருக்கினார். பாறைப் படிவுகளைப் பார்த்த புவியியலாளர்களுக்கு இது போதவே போதாது. அன்றைய ஐயவாதி யார் பக்கம் நின்றிருப்பார்? சமன்பாடுகளோடு வந்த இயற்பியலாளர் பக்கம்தான். கெல்வினின் கணிதத்தில் பிழை இல்லை. பூமியின் உட்பகுதி முழுவதும் திடமானது, வெப்பம் கடத்தல் வழியாக மட்டுமே வெளியேறுகிறது என்ற அனுமானத்தில்தான் பிழை இருந்தது. அவருடைய முன்னாள் உதவியாளர் ஜான் பெரி 1895இல் அதையே சுட்டிக்காட்டினார். கெல்வினைக் கவிழ்த்தது கதிரியக்கக் கண்டுபிடிப்பு என்றே வழக்கமாகச் சொல்வார்கள். பெரியின் வாதம்தான் அடிவேரைத் தொட்டது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். முடிவாக வரும் எண்ணைச் சந்தேகிப்பதைவிட, அந்த எண்ணுக்கு அடியில் யாரும் கேட்காமல் விட்ட அனுமானத்தைச் சந்தேகிப்பது கடினம், பயனும் அதிகம்.

‘நிபுணர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சிரித்தார்கள்’ என்று தொடங்கும் வாதத்துக்கு வழக்கமாக எடுத்துக்காட்டப்படுபவர் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல். வயிற்றுப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்ட 1984இல் அந்தக் கிருமிக் கலவையைத் தானே குடித்தவர். அவர் கதையை முழுதாகப் படித்தால் அது எதிர்த்திசையில் பேசுகிறது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்க்கும்படியான சோதனைகளை அவரும் சக ஆய்வாளர் ராபின் வாரனும் கொடுத்தார்கள்; 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிபுணர் குழு எதிர்நுண்ணுயிர் மருந்தைப் பரிந்துரைத்தது; 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பத்து ஆண்டுகளில் பாடப்புத்தகம் மாறிவிட்டது. இதற்கு நேர்மாறானது, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் போடப்படும் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வெளியிட்ட கட்டுரை. 12 குழந்தைகளைப் பற்றிய அந்தக் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. இடையில், 2002இல் டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் இடையே ஆட்டிச விகிதத்தில் தடுப்பூசியால் வந்த அதிகரிப்பு எதுவும் தென்படவில்லை. அதற்குப் பிறகும் ‘இன்னும் ஆய்வு வேண்டும்’ என்று சொல்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை குழந்தைகளை, எத்தனை ஆண்டுகள் கவனித்து, என்ன முடிவு வந்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள்? அதற்கு ஓர் எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் இருப்பது சந்தேகம் அல்ல. அது முடிவெடுத்து முடித்த மனம்.

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இரண்டு வகைக் கூற்றுகள் கலந்து வருகின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ‘இந்தப் பொருள் இப்போது வேலை செய்கிறது’ என்பது ஒரு கூற்று. அதற்கு ஐயவாதியின் கேள்வி அப்படியே பொருந்தும். விரல் நுனியில் எடுத்த சில துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்வதாகச் சொன்ன தெரானோஸ் நிறுவனத்தின் மதிப்பு ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 900 கோடி டாலர். சுதந்திரமான ஆய்வகங்கள் சரிபார்த்து வெளியிட்ட தரவு எங்கே என்ற எளிய கேள்வியைப் பணம் போட்டவர்கள் வற்புறுத்திக் கேட்டிருந்தால் 2015இன் பத்திரிகைப் புலனாய்வுக்கும் 2022இன் நீதிமன்றத் தீர்ப்புக்கும் தேவை இருந்திருக்காது. ‘இது எதிர்காலத்தில் உலகை மாற்றும், அல்லது மாற்றவே மாற்றாது’ என்பது இன்னொரு வகைக் கூற்று. இதில் ஆர்வலர்களின் வரலாறு எவ்வளவு மோசமோ அவ்வளவு மோசம் ஐயவாதிகளுடைய வரலாறும். பறக்கும் எந்திரம் உருவாகப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் ஆகலாம் என்று 1903 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது; அதே ஆண்டு டிசம்பர் 17இல் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அணுக்களை மாற்றுவதிலிருந்து ஆற்றல் கிடைக்கும் என்பது வெறும் பிதற்றல் என்று அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு 1933 செப்டம்பரில் பேசினார். ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சிகாகோவில் அணுக்களைப் பிளக்கும் தொடர்வினை நடந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில், மனிதர் செய்யும் எந்த வேலையையும் இருபது ஆண்டுகளில் எந்திரங்கள் செய்துவிடும் என்று 1965இல் எழுதினார் செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஹெர்பர்ட் சைமன். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிர்ப்பட மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று 2016இல் சொன்னார் அதே துறையின் ஜெஃப்ரி ஹின்டன். அந்த மருத்துவர்களுக்குத் தேவை குறையவில்லை. இந்த அறிஞர்களில் எவரும் விவரம் தெரியாதவர் அல்லர். துறையில் உச்சத்தில் இருந்தவர்கள்.

இனி, ஈயத்துக்குத் திரும்புகிறேன். உங்கள் கேள்வியின் கடினமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

எஞ்சினில் எழும் தட்டல் ஓசையை டெட்ராஎத்தில் ஈயம் என்ற ஈயச் சேர்மம் நிறுத்தும் என்று 1921இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1923இல் அது கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, அவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். 1925இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர் கூட்டிய மாநாட்டில் ஆலிஸ் ஹாமில்டன் போன்ற தொழில்சார் நோய் வல்லுநர்கள் எச்சரித்தார்கள். தொழில்துறையின் பக்கம் நின்ற மருத்துவர் ராபர்ட் கீஹோ. அவருடைய வாதம், சாரத்தில், இது: ஆலைக்குள் ஆபத்து இருக்கலாம், அதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் தெருவில் நடக்கும் பொதுமக்களுக்குத் தீங்கு நேர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? காட்டுங்கள், நிறுத்திவிடுகிறோம்.

இந்த வாசகத்தை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். ஐயவாதியின் விதி இது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கூற்றைச் சொல்பவரே மெய்ப்பிக்க வேண்டும், அதுவரை இருப்பது அப்படியே தொடரும். அடுத்த நாற்பது ஆண்டுகள் ஈயத்தைப் பற்றிய பொதுக்கொள்கை இந்த விதியின் கீழ்தான் நடந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் ஆய்வுகள் நடக்காமலும் இல்லை. பெரும்பாலானவற்றை நடத்தியது தொழில்துறையின் பணத்தில் இயங்கிய கீஹோவின் ஆய்வகம்தான். மனித உடலில் ஈயம் இயல்பாகவே இருக்கிறது, ஈயப் பெட்ரோலின் வாடையே படாத தொலைதூரக் கிராமத்தவரின் உடலிலும் இருக்கிறது, உடல் அதை வெளியேற்றிவிடுகிறது, ஒரு வரம்புக்குக் கீழே தீங்கு இல்லை என்பவை அவருடைய முடிவுகள்.

1965இல் பேட்டர்சன் இதன் அடியில் இருந்த அனுமானத்தைப் பிடித்தார். கீஹோ ‘இயல்பு’ என்று அளந்தது, ஏற்கெனவே மாசடைந்த உலகத்தின் சராசரி. எல்லோரிடமும் இருப்பதால் ஒன்று இயற்கையானது ஆகிவிடாது. தொழிற்காலத்துக்கு முந்தைய உடலில் இருந்திருக்க வேண்டிய ஈயத்தைவிட இன்றைய உடலில் பன்மடங்கு இருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். 1969இல் அவரும் சக ஆய்வாளர்களும் கிரீன்லாந்தின் பனி அடுக்குகளை அளந்தபோது, தொழிற்புரட்சிக்குப் பிறகு ஈயம் ஏறத் தொடங்கி 1940க்குப் பிறகு செங்குத்தாக உயர்ந்திருப்பது தெரிந்தது. அதற்கு அவர் பெற்ற பரிசு, 1971இல் வளிமண்டல ஈயத்தைப் பற்றி அறிக்கை எழுத அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் அமைத்த குழுவில் அவருக்கு இடம் தரப்படாதது.

கீஹோவின் விதியில் எங்கே கோளாறு? அவர் பொய் சொன்னார் என்று சுருக்கிவிடுவது எளிது. அப்படிச் சுருக்கினால் நாம் எதையும் கற்க மாட்டோம். ஆதாரத்தைத் திரட்டும் வசதியும் பணமும் யாரிடம் இருந்ததோ, ஆதாரம் கிடைக்காமல் இருப்பதால் லாபம் பெறுபவரும் அவரேதான். அது ஒரு கோளாறு. தீங்கு நடந்த பிறகே மெய்ப்பிக்க முடியும் என்பதால், மெய்ப்பிக்கும் செலவைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். விதியை வகுத்தபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இவை இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: ஈயம் எல்லோர் உடலிலும் ஏறிவிட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்க ஈயம் படாத மனிதர்களே மிஞ்சவில்லை. சந்தேகத்துக்கு உள்ளான பொருளே சந்தேகத்தைத் தீர்க்கும் வழியை அடைத்துவிட்டது. அத்தகைய இடத்தில் ஆதாரம் இல்லை என்பது அறிவின் எச்சரிக்கை ஆகாது. பரிசோதனையின் பக்கவிளைவு அது.

1973இல் அமெரிக்கா பெட்ரோலில் ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. 1976க்கும் 1980க்கும் இடையில் மட்டும் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு ஏறத்தாழ 37 சதவீதம் குறைந்தது. பெட்ரோலில் ஈயம் குறைந்த கோடும் ரத்தத்தில் குறைந்த கோடும் சேர்ந்தே இறங்கின. சாலை வாகனங்களுக்கான முழுத் தடை 1996இல் வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1995 டிசம்பரில், பேட்டர்சன் இறந்துவிட்டார். உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியா அந்தப் பெட்ரோலின் விற்பனையை நிறுத்தியது. புகையிலைத் தொழில் இதே விதியை இன்னும் வெளிப்படையாகப் பயன்படுத்தியது. ‘சந்தேகமே எங்கள் சரக்கு’ என்று 1969இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு எழுதி வைத்திருந்தது.

அப்படியானால் தலைகீழ் விதியை, அதாவது பாதுகாப்பானது என்று காட்டும்வரை எதையும் அனுமதிக்கக் கூடாது என்பதை, ஏற்றுக்கொண்டுவிடலாமா? சில இடங்களில் கட்டாயம் ஏற்க வேண்டும். கர்ப்பிணிகளும் உட்கொண்ட தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கோரியபோது, மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிரான்சிஸ் கெல்சி, கொடுத்த தரவு போதாது என்று 1960 முதல் திரும்பத் திரும்ப மறுத்தார். 1961 முடிவதற்குள் ஐரோப்பாவில் கைகால் வளர்ச்சியின்றிப் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் இந்த விதிக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கண்ணில் படமாட்டார்கள். விட்டமின் ஏ குறைபாட்டால் குழந்தைகள் பார்வையை இழப்பதைக் குறைப்பதற்காக மரபணு மாற்றி உருவாக்கப்பட்ட பொன்னிற அரிசியைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளியானது. வணிகச் சாகுபடிக்குப் பிலிப்பைன்ஸ் அனுமதி அளித்தது 2021இல். 2024இல் அந்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்னெச்சரிக்கை கருதி அதை நிறுத்தியது. தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு என்றாலும், அனுமதிக்காமல் இருப்பது யாரையும் பாதிக்காத நடுநிலை என்ற எண்ணம் இங்கே பொய்த்துப் போகிறது. மரபணு மாற்றத்தை எதிர்ப்பவரிடம் ஐயவாதி இதைச் சரியாகவே சொல்கிறார். ஈயத்தின் விஷயத்தில் அதே கணக்கைத் தன் பக்கமும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்.

இரண்டு விதிகளுக்கும் இடையில் நடைமுறையில் வெற்றிபெற்ற வழி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் ஓசோன் உடன்படிக்கையைச் சொல்வேன். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைச் சிதைக்கலாம் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பது 1985இல் வெளியானது. அந்தக் குறைவுக்கு இந்த வேதிப்பொருள்தான் காரணம் என்பதை உறுதிசெய்த விமான அளவீடுகளின் முடிவு முழுமையாக வெளிவருவதற்கு முன்பே, 1987 செப்டம்பர் 16இல், மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் அது முழுத் தடையாகத் தொடங்கவில்லை. பகுதியளவு குறைப்பில் தொடங்கி, அறிவியல் மதிப்பீடுகள் வர வர இறுக்கிக்கொள்ளவோ தளர்த்திக்கொள்ளவோ வழி வைத்திருந்தது. 1990இல் லண்டனில் இறுக்கப்பட்டது. முடிவைச் சான்றுக்கு முன்பே எடுத்தார்கள். எடுத்த முடிவைச் சான்று மாற்றுவதற்கும் இடம் விட்டார்கள்.

கொள்கை விவாதத்தில் இன்னொரு சறுக்கலும் உண்டு. அதைச் செய்வதில் அறிவியல் ஆர்வலர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். ‘அறிவியல் சொல்கிறது, ஆகவே இதைச் செய்’ என்பது அது. ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரல் 15இல் மூடியது. பக்கத்திலேயே இருக்கும் பிரான்ஸ் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அணு உலைகளிலிருந்து எடுக்கிறது. இரண்டு நாடுகளிலும் யுரேனியம் ஒரே மாதிரிதான் பிளவுபடுகிறது. அரிதாக நேரக்கூடிய பெரிய விபத்தையும், நாள்தோறும் நிலக்கரிப் புகையால் நேரும் சாவுகளையும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காக்க வேண்டிய கழிவையும் எந்த எடையில் வைப்பது என்பதில் அவை வேறுபடுகின்றன. அந்த எடையை எந்தக் கருவியும் அளந்து சொல்லாது. இருப்பதைச் சொல்லும் வாக்கியங்களிலிருந்து செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியம் தானாகப் பிறக்காது என்று 1740இல் ஹியூம் கவனித்தது இதைத்தான். ஜெர்மனியின் முடிவு தவறு என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் இயற்பியல் தெரியாதவர்கள் என்று நான் சொன்னால், நான் வாதம் செய்வதை நிறுத்திவிட்டு ஏசத் தொடங்கிவிட்டேன் என்று பொருள்.

கடைசியாக, செயற்கை நுண்ணறிவு. அது மனித இனத்தை அழித்துவிடும் என்பவரையும் எல்லா நோய்களையும் தீர்த்துவிடும் என்பவரையும், எந்த ஆண்டுக்குள், எதை அளந்து பார்த்தால் தெரியும் என்று கேட்கலாம். பதில் வராதவரை இரண்டையும் 1903, 1965 ஆண்டுகளின் கணிப்புகளோடு சேர்த்து வைக்கலாம். ஆனால் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும், வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும், நோயைக் கண்டறியும் ஒரு குறிப்பிட்ட அமைப்பு என்று வரும்போது ‘தீங்கு செய்கிறது என்று முதலில் நீங்கள் நிரூபியுங்கள்’ என்ற பதிலை ஏற்கக் கூடாது. அந்த அமைப்பு எடுத்த முடிவுகளின் பதிவுகள் அதை விற்கும் நிறுவனத்திடமும் பயன்படுத்தும் நிறுவனத்திடமும் இருக்கின்றன, நிராகரிக்கப்பட்டவரிடம் இல்லை. எல்லா வங்கிகளும் எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரி அமைப்பைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அது இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று ஒப்பிடவும் இடமிருக்காது. ஆகவே பரவலாகப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, அந்த அமைப்பைத் தொடாத ஒரு பிரிவை ஒப்பீட்டுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். நிறுவனத்தின் பணம் வாங்காதவர்கள் பதிவுகளைப் பார்க்க அனுமதி இருக்க வேண்டும். பிழை எந்த அளவைத் தாண்டினால் அமைப்பு திரும்பப் பெறப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும். இந்த மூன்றையும் செய்து காட்டும் பொறுப்பு விற்பவருடையது. அவர் அதைச் செய்த பிறகும் அமைப்பு தீங்கானது என்று சொல்பவர் இருந்தால், அப்போது ஆதாரம் கொண்டுவர வேண்டியவர் அவர்தான். கொண்டுவருவதற்கான தரவும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.